நெனப்பு நோட்டு: செட்டிநாட்டு நடுநிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் வகுப்பு

2009 பிப்ரவரியில், பள்ளிகளைப் பார்வையிடும் ஆசிரியர் பயிற்றுநராக, அந்தப் பள்ளியின் பார்வைப் பதிவேட்டில் நான் எழுதியது மூன்று வரி. "ஏழாம் வகுப்பு அறிவியலில் பாடப்பகுதி பின்தங்கியுள்ளது. வகுப்பில் சத்தம் அதிகம். மன வரைபடம் வரையப்படவில்லை." கீழே என் கையெழுத்தும் தேதியும். மன வரைபடம் என்றால் பாடக் கருத்துகளைக் கிளை கிளையாகப் போட்டுக் காட்டும் படம்.

அந்த வகுப்பை எடுத்த டீச்சருக்குத்தான் பத்து வருஷம் கழித்து மாநில நல்லாசிரியர் விருது கிடைத்தது. விருதுக்கான கோப்பைத் தயாரிக்க உதவியவர்களில் நானும் ஒருவன். முதலில் எழுதிய மூன்று வரியும் தப்பு, பிறகு தயாரித்த கோப்பும் ஒரு வகையில் தப்பு. இந்த இரண்டு தப்பையும் வைத்துக்கொண்டுதான் இந்த ஆய்வை எழுதுகிறேன். பி.எட். படிக்கும் பிள்ளைகளுக்கும் புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கும் பயன்படலாம். பெயரும் ஊரும் வேண்டாம் என்று டீச்சரே கேட்டுக்கொண்டார். காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடையில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெளியூர்க்காரர்களுக்குச் செட்டிநாடு என்றால் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் வீடுகள், பர்மா தேக்குத் தூண், வளவு, பட்டாலை, ஆத்தங்குடிக் கல் என்ற பூவேலைத் தரை ஓடு. அந்த வீடுகளில் பாதிக்கு மேல் கல்யாணத்துக்கும் முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும் மட்டும் திறப்பவை. அந்த வீட்டுப் பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் படிக்கிறார்கள். ஒன்றியப் பள்ளிக்கு வருபவர்கள் வேறு. வீட்டைப் பார்த்துக்கொள்பவரின் மகன், சமையலுக்குப் போகும் அம்மாவின் மகள், கொத்தனார் பேத்தி, ஆத்தங்குடிக் கல் பட்டறைக்குப் போகிறவரின் மகள், ஆடு மேய்க்கிறவர் பிள்ளை.

காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஊர் வழக்கில் சிக்ரி. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14 அன்று திறக்கப்பட்ட இடம். இந்தப் பிள்ளைகளுக்கு அது பஸ்ஸில் போகும்போது தெரியும் நீளமான மதில் சுவர். டீச்சர் வந்த பிறகுதான் உள்ளே போனார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

டீச்சரின் அப்பா ஆத்தங்குடியில் கல் பட்டறையில் இருந்தவர். டீச்சர் காரைக்குடியிலேயே பி.எஸ்சி. வேதியியலும் பி.எட்.டும் முடித்து, 2004-இல் தொகுப்பூதியத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 2006 ஜூன் 1 முதல் வழக்கமான காலமுறை ஊதியத்துக்கு மாற்றப்பட்ட தொகுப்பூதிய ஆசிரியர்களின் பெருங்கூட்டத்தில் அவரும் ஒருவர். முதல் மூன்று வருஷம் வட மாவட்டம் ஒன்றில். பிறகு மாறுதல் வாங்கிக்கொண்டு இந்தப் பள்ளிக்கு வந்தார்.

வட மாவட்டத்தில் இருந்தபோது அவர் எல்லாரையும் போலத்தான் பாடம் எடுத்தார். கேள்வியைச் சொல்லி, பதிலைச் சொல்லி, எழுத வைத்து, மனப்பாடம் செய்ய வைத்து. ஒரு தேர்வில் "சுண்ணாம்பு நீரைப் பால்போல் மாற்றும் வாயு எது?" என்று கேட்டிருக்கிறார். வகுப்பே சரியாக எழுதிவிட்டது. தாளைத் திருத்திக் கொடுத்த அன்று ஒரு பையன் எழுந்து, "டீச்சர், சுண்ணாம்பு நீருன்னா என்னது?" என்றானாம். அவன் அம்மாச்சி வெற்றிலை போடுபவர். வீட்டில் எப்போதும் சுண்ணாம்பு டப்பா இருக்கும். "அவன் கேட்டது தப்பில்ல சார். அவனுக்கு நான் முழு மார்க் போட்டேன் பாருங்க, அதுதான் தப்பு" என்று என்னிடம் சொன்னார்.

எனக்குப் புரிய மூன்று வருஷம் ஆனது. 2009-இல் நான் வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநர். படைப்பாற்றல் கல்வி முறை வந்து ஒன்றிரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. படி, அடிக்கோடிடு, மன வரைபடம் வரை, குழுவில் பேசு என்று வரிசை உண்டு. என் பைக்குள் இருந்த படிவத்தில் மன வரைபடத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. பிள்ளை "ஏன்" என்று கேட்டதைக் குறிக்கக் கட்டம் இல்லை. கட்டம் இருந்ததை மட்டும் நான் பார்த்தேன்.

2012-இல் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்காக மாவட்ட அளவில் நடந்த தேர்வில் நடுவராக உட்கார்ந்தேன். பொதுவாக அங்கே வரும் பிள்ளைகள் அட்டையில் அழகாக ஒட்டி, மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். எல்லா ஆய்வும் வெற்றிதான். இந்தப் பள்ளியிலிருந்து வந்த ஒரு பெண் பிள்ளை மட்டும் ஊருணித் தண்ணீர் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்து, நடுவில், "இதுல எங்க நெனப்பு தப்பாப் போச்சு சார்" என்று ஒரு நோட்டைப் பிரித்துக் காட்டினாள். இடது பக்கம் பேனாவில் ஒரு பத்தி, வலது பக்கம் அதற்கு நேர்மாறாக ஒரு பத்தி. அடித்தல் திருத்தல் இல்லை. என் பக்கத்தில் இருந்த நடுவர் மதிப்பெண்ணைக் குறைத்தார். நான் கூட்டினேனா என்று கேட்காதீர்கள். ஆனால் அடுத்த வாரம் பள்ளிக்குப் போய் நான்கு நாள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அந்த நோட்டுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் நெனப்பு நோட்டு. நாற்பது பக்க நோட்டுதான். எந்தச் சோதனையானாலும் செய்வதற்கு முன் இடது பக்கத்தில், என்ன நடக்கும் என்று தான் நினைப்பதை எழுத வேண்டும். பேனாவில். ரப்பரும் ஒயிட்னரும் கிடையாது. எழுதியதில் கட்டாயம் ஓர் "ஏன்னா" இருக்க வேண்டும். "ஏன்னா இல்லாத நெனப்பு ஜோசியம்" என்பது டீச்சர் வாக்கு. நடந்ததை வலது பக்கத்தில் எழுத வேண்டும். இடது பக்கத்துக்கு மதிப்பெண் இல்லை, சிவப்பு மையும் இல்லை. சரியாக எழுத வராத பிள்ளை படம் போடலாம். முறை என்று பார்த்தால் இவ்வளவுதான். ஒரு பக்கத்தில் அச்சடித்து எல்லாப் பள்ளிக்கும் அனுப்பிவிடலாம். அனுப்பினால் மறுநாளே பிள்ளைகள் முடிவைப் பார்த்துவிட்டு இடது பக்கத்தை நிரப்புவார்கள். எனக்குத் தெரியும், நான் இன்னொரு பள்ளியில் சொல்லிப் பார்த்தேன். அதுதான் நடந்தது.

இங்கே ஏன் அப்படி நடக்கவில்லை என்பதற்கு அந்த நான்கு நாளில் பார்த்த பாடத்தையே சொல்வதுதான் சரி.

முதல் நாள். முந்தின நாள் சாயந்திரமே வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து வைத்திருந்தார்கள். காலையில் தெளிவை மட்டும் இறுத்து ஆறு கண்ணாடி டம்ளர். பக்கத்தில் பப்பாளி இலைக் காம்பு, வெட்டிக் கழுவியது. காசு கொடுத்து வாங்கும் உறிஞ்சுகுழலை விட இது தடிமன், ஊதினால் நன்றாகக் குமிழி வரும். முதலில் எல்லாரும் வெறும் தண்ணீரில் ஊதிப் பழகினார்கள். "உள்ள இழுத்தா வாய் வெந்து போகும். ஊதறது மட்டும்தான்" என்று மூன்று முறை சொன்னார். அப்புறம் கேள்வி. இதில் ஊதினால் என்ன ஆகும்?

குமிழி வரும் என்றான் ஒருவன். சூடாகும், ஏன்னா நம்ம மூச்சு சூடு. எச்சில் கலந்து கலங்கும். ஒரு பெண் டக்கென்று, "பால் மாதிரி ஆகும் டீச்சர், ஏன்னா புக்ல இருக்கு."

"புக்ல இருந்தா அது புக்கோட நெனப்பு. உன் நெனப்பு எங்க?"

அந்தப் பெண் கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்தாள். பிறகு எழுதியதை நான் எட்டிப் பார்த்தேன். "பால் மாதிரி ஆகும்னு புக்ல இருக்கு. ஆனா எனக்கு அப்படித் தோணல. ஏன்னா காத்துக்கு நிறம் இல்ல."

எனக்கு உறைத்த இடம் இது. ஏழாம் வகுப்புப் பிள்ளை பாடப்புத்தகத்தை நம்பவில்லை என்று பேனாவில் எழுதுகிறாள், காரணத்தோடு. காரணமும் சொத்தையில்லை. நிறமில்லாத காற்றும் நிறமில்லாத தண்ணீரும் சேர்ந்தால் எங்கிருந்து வெள்ளை வரும்? அவ்வளவு வருஷம் அந்தப் பாடம் நடத்தியும் எனக்கு அந்தக் கேள்வி தோன்றியதே இல்லை.

ஊதினார்கள். வெள்ளையானது. இன்னொரு டம்ளரில் சைக்கிள் பம்ப்பால் காற்றடித்தார்கள். அதில் கை வலிக்க அடித்தும் லேசாகத்தான் ஆனது. எல்லாரும் எழுதத் தொடங்கியபோது ஒருவன் மட்டும் எழுதாமல் ஊதிக்கொண்டே இருந்தான். இப்படி ஒருவன் எல்லா வகுப்பிலும் இருப்பான், பொதுவாக வெளியே நிற்கவைக்கப்படுபவன். அவன் விட்டுவிட்டு ஊதி ஊதி, வெள்ளையாக இருந்த டம்ளர் மறுபடி தெளிய ஆரம்பித்தது.

"டீச்சர், இவன் கெடுத்துட்டான்!"

"கெடல. எவ்வளவு நேரம் ஊதினான்? மணி பாத்தீங்களா? அதையும் எழுதுங்க."

வேதியியல் படித்தவர்களுக்குக் காரணம் தெரியும். கரியமில வாயு சுண்ணாம்பு நீரோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட் ஆகிறது. அது தண்ணீரில் கரையாத வெள்ளைத் தூள். வாயு மேலும் மேலும் போனால் அதுவே கரையக்கூடிய பைகார்பனேட் ஆகிவிடும். என் வாய் நமநமவென்றிருந்தது. டீச்சர் என்னைப் பார்த்த பார்வையில் அடங்கினேன். இரண்டு நாள் அந்த டம்ளருக்குக் காரணம் சொல்லாமல் விட்டார். அந்த இரண்டு நாளும் பிள்ளைகள் சாப்பாட்டு நேரத்தில் அதைப் பற்றித்தான் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சத்தம் அதிகம் என்று நான் எழுதினேனே, அந்தச் சத்தம்.

மூன்றாம் நாள் ஒரு கொத்தனார் வந்தார். எழுபது தாண்டியவர், வகுப்பில் ஒரு பெண்ணின் அய்யா, அதாவது தாத்தா. பழைய வீடுகளின் சுவர்ப் பூச்சு தெரிந்தவர். சுண்ணாம்பை ஊறவைத்து மணலோடு அரைப்பது, கடுக்காய் ஊறிய தண்ணீரும் கருப்பட்டியும் சேர்ப்பது, கடைசிப் பூச்சுக்குத் துணியில் சலித்த சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு, பிறகு வழுவழுப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு. பிள்ளைகளில் பலருக்கு அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்த அனுபவம் உண்டு. சித்திரை வெயிலிலும் குளிர்ச்சியாக இருக்கும். அது எதனால் ஆனது என்று யாரும் கேட்டதில்லை.

"சுண்ணாம்புச் சுவரு கட்டுனவன் காலத்துக்கு அப்புறமும் இறுகிக்கிட்டே இருக்கும்மா" என்றார் அய்யா.

"எதனால அய்யா இறுகுது?"

"காத்துப் பட்டு."

வகுப்பு ஒரு நொடி அமைதி. முதல் நாள் "காத்துக்கு நிறம் இல்ல" என்று எழுதிய பெண்தான் முதலில் பிடித்தாள். "டீச்சர், அந்த டம்ளர்ல நாம ஊதுனது!" சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் சுமார் 900 டிகிரியில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிவிடுகிறது. தண்ணீர் ஊற்றி நீற்றி, சுவரில் பூசினால், வெளியேறிய அதே வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டு திரும்பக் கல்லாகிறது. டம்ளரில் ஐந்து நிமிஷத்தில் நடந்ததுதான் சுவரில் பல வருஷமாக நடக்கிறது. கரும்பலகையில் டீச்சர் இதை எழுதியபோது முதல் முறையாக ஒரு தலைப்பும் எழுதினார். நான் கவனித்தேன். கரும்பலகையில் தலைப்பு இல்லாததையும் 2009-இல் வாய்மொழியாகக் குறை சொல்லியிருந்தேன்.

சரி, அப்படியானால் சிமெண்டும் காற்றில்தான் இறுகுகிறதா? இதுதான் நான்காம் நாள். நான்கு உருண்டை பிடித்தார்கள். சுண்ணாம்பும் மணலும் கலந்து இரண்டு, சிமெண்டும் மணலும் கலந்து இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒன்றை வெளியே வைப்பது, இன்னொன்றைக் கொஞ்சம் இறுகியதும் தண்ணீருக்குள் போடுவது. எது கெட்டியாகும்?

ஏறக்குறைய எல்லா இடது பக்கமும் ஒன்றையே சொன்னது. வெளியே இருப்பதுதான், ஏன்னா காய வேண்டும். ஆத்தங்குடிக் கல் பட்டறைக்காரர் மகளுக்கு மட்டும் ஒரு சங்கடம். கண்ணாடிப் பலகை மேல் அச்சுச் சட்டத்தை வைத்து, கட்டத்துக்கு ஒரு நிறமாகச் சிமெண்ட் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் தூவி, கலவை போட்டு அழுத்தி எடுத்த கல்லை அவள் அப்பா நாள் கணக்கில் தண்ணீர்த் தொட்டியில் போடுகிறார். அதை அவள் தினமும் பார்க்கிறாள். சுடுவதில்லை, சூளை கிடையாது. காய வேண்டும் என்றால் தண்ணீரில் ஏன் போட வேண்டும்? அவள் எழுதியது: "சூடு தணியத்தான் தண்ணியில போடுறாங்க. ஏன்னா சிமெண்ட் கலக்கும்போது கை சுடும்."

எவ்வளவு நல்ல தப்பு, பாருங்கள். சிமெண்ட் தண்ணீரோடு வினைபுரியும்போது சூடு வருவது உண்மை. முடிவு மட்டும் வேறு. ஒரு வாரம் கழித்து ஆணியால் கீறினார்கள். தண்ணீரில் கிடந்த சிமெண்ட் உருண்டை எல்லாவற்றையும் விடக் கெட்டி. தண்ணீரில் கிடந்த சுண்ணாம்பு உருண்டை கொழகொழவென்று விரலோடு வந்தது, ஒரு மாதம் கழித்தும் அப்படியே. சிமெண்ட் காய்வதில்லை, தண்ணீரை உள்ளே எடுத்துக்கொண்டு இறுகுகிறது. சுண்ணாம்புக்குக் காற்று, சிமெண்டுக்குத் தண்ணீர். முடிவு வந்த அன்று நான் அங்கே இல்லை. டீச்சர் போனில் சொன்னார். அந்தப் பெண் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் விளக்கினாளாம். அவர், "முப்பது வருஷமா போடுறேன், இப்பத்தான் ஏன்னு தெரியுது" என்றாராம். டீச்சர் இதைச் சொல்லும்போது குரல் ஒரு மாதிரி ஆனது. அவருடைய அப்பாவும் அதே வேலை பார்த்தவர், காரணம் கேட்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

எல்லாமே இப்படி ஜோராக நடக்கவில்லை. செம்மண் பாடம் டீச்சரைக் கவிழ்த்த பாடம். இந்தப் பக்கத்து மண் செம்புறாங்கல் மண், சிவப்புக்குக் காரணம் இரும்பு. காந்தத்தை மண்ணில் புரட்டினால் ஒட்டும் என்று டீச்சரே தன் நோட்டில் இடது பக்கம் எழுதிவிட்டார் (அவருக்கும் ஒரு நோட்டு உண்டு). புரட்டினால் நாலு கருப்பு மணல் துணுக்குதான் ஒட்டியது, சிவப்பு மண் அசையவே இல்லை. "டீச்சர் நெனப்பு தப்பு" என்று ஒரே கூச்சல். அன்று விளக்கம் சொல்லத் தனக்கே தெரியவில்லை என்றார். நான் பார்த்தவரை ஒரு வாரம் தூங்கியிருக்க மாட்டார். மண்ணில் இருப்பது ஆக்சிஜனோடும் நீரோடும் சேர்ந்த இரும்பு, அந்த வடிவத்தைச் சாதாரணக் காந்தம் இழுக்காது. பிறகு செம்மண்ணையும் கரித்தூளையும் கலந்து ஒரு தகர டப்பாவில் மூடி, சத்துணவுக் கூடத்து விறகடுப்பில் வைத்துச் சூடேற்றினார். சத்துணவு ஆயாவிடம் வாங்கிய திட்டு தனிக்கதை. டப்பாவைத் திறந்தால் மண் கருத்திருந்தது, காந்தத்தில் கொத்தாக ஒட்டியது. கரி ஆக்சிஜனில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு, காந்தம் இழுக்கும் கருப்பு இரும்பு ஆக்சைடாக மாற்றிவிட்டது. பாடம் தப்பாகப் போனதால் கிடைத்த சோதனை. ஆனால் அந்த வருஷம் இரண்டு பாடம் அவசர அவசரமாக வாசித்து முடிக்கப்பட்டன என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

நிழலில்லா நாள் பற்றியும் சொல்லலாம், இங்கே ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். ஆகஸ்டில் பள்ளி இருக்கும். மழை மேகம் விட்டால் கொடிக்கம்பத்தின் நிழல் அடியிலேயே மறைவதைப் பார்க்கலாம். ஐந்து வருஷத்தில் இரண்டு முறைதான் வெயில் கிடைத்ததாம்.

சிக்ரிக்குப் போனது செப்டம்பர் 26-ஐ ஒட்டி. சிக்ரியின் தாய் நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர். தொடங்கிய நாளையொட்டிப் பொதுமக்களை உள்ளே விடுவார்கள். பிள்ளைகள் நோட்டோடு போனார்கள். முலாம் பூசுவதைக் காட்டியவரிடம், "போடறதுக்கு முன்னாடி கொஞ்சம் நிறுத்துங்க சார், எழுதிக்கிறோம்" என்றிருக்கிறார்கள். அவர் சிரித்துவிட்டு நிறுத்தினாராம். 2022 நவம்பர் 28 அன்று அரசுப் பள்ளிகளுக்கு அறிவியல் சோதனைகளைக் கொண்டுவரும் வானவில் மன்றம் தொடங்கி, பள்ளிக்குப் பெட்டியோடு கருத்தாளர்கள் வரத் தொடங்கியபோதும் இதே கதை. வந்த இளைஞர் வரிசையாக ஏழெட்டுச் சோதனை காட்ட நினைத்திருந்தார். முதல் சோதனையின் இடது பக்கத்துக்கே முக்கால் மணி நேரம் போய்விட்டது. பாவம், அவர் படிவத்தில் எத்தனை சோதனை என்று நிரப்பக் கட்டம் இருந்திருக்கும்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. துளிர் என்ற சிறுவர் அறிவியல் இதழ், அரவிந்த் குப்தா குப்பையிலிருந்து செய்து காட்டும் அறிவியல் பொம்மைகள், தமிழ்நாடு அறிவியல் இயக்கப் பயிற்சி ஒன்றில் கேள்விப்பட்ட ஹோஷங்காபாத். மத்தியப் பிரதேசத்தில் 1972-இல் 16 பள்ளிகளில் தொடங்கி, கிராமத்துப் பிள்ளைகளே சோதனை செய்து அறிவியல் கற்கும் முறையாகப் பரவி, 2002-இல் அரசு நிறுத்திவிட்ட திட்டம் அது. "முப்பது வருஷம் நடந்ததையே நிறுத்திட்டாங்க. என்னுது ஒரு நோட்டுதான சார்" என்றார். கற்பித்தல் தத்துவம் என்று கேட்டுப் பார்த்தேன். "அப்படியெல்லாம் பெரிய வார்த்தை வேணாம். புள்ளைக்கு ஒரு நெனப்பு ஏற்கெனவே இருக்கு. அதை வெளிய எடுக்காம நான் மேல ஒண்ணைப் பூசுனா உதிர்ந்துரும்" என்றார். கொத்தனார் பாஷை. அய்யாவிடம் கற்றிருக்க வேண்டும்.

அவருடைய நடைமுறைப் புத்தியைச் சொல்லாமல் விட்டால் இது புகழ்ச்சிக் கட்டுரை ஆகிவிடும். எல்லாப் பாடத்துக்கும் அவர் இப்படிச் செய்வதில்லை. பருவத்துக்கு மூன்று நான்கு இடம்தான் தேர்ந்தெடுப்பார். மற்றதை வாசிக்கச் சொல்லி, கேள்வி பதில் எழுதவைத்து, சட்டென்று கடந்துவிடுவார். எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வுக்குத் தினமும் காலை தனி வகுப்பு உண்டு. உதவித்தொகைக்குத் தேர்வானால் மாதம் 1,000 ரூபாய் என்பது இந்த வீடுகளில் சின்ன விஷயமில்லை. "அதுல நெனப்பெல்லாம் கெடையாது சார், ஓட்டம்தான்." அந்த வகுப்பை நானும் பார்த்தேன். அச்சு அசல் நான் படித்த காலத்து வகுப்பு, பிரம்பு மட்டும் இல்லை.

குறைகளும் உண்டு. வாய் பேசும் பிள்ளைகள் இந்த முறையில் பளிச்சென்று தெரிகிறார்கள். எழுதவே சிரமப்படும் பிள்ளை "ஏன்னா" என்ற சொல்லோடு நின்றுவிடுகிறது. படம் போடலாம் என்ற சலுகையைப் பையன்கள்தான் அதிகம் பயன்படுத்திக்கொள்கிறார்கள், அதுவும் சோம்பலுக்கு. ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளி போன பிள்ளைகள் அங்கே "சும்மா கேள்வி கேக்காத" என்று சொல்லப்பட்டுத் திரும்பி வந்து புலம்பியதுண்டு. டீச்சருக்கு அதற்குப் பதில் இல்லை. ஒரு பெற்றோர், "நோட்டு பூரா தப்பா எழுதியிருக்கு, நீங்க திருத்தவே இல்லையே" என்று தலைமையாசிரியரிடம் புகார் கொடுத்தார். நியாயமான புகார். அதற்குப் பிறகுதான் நோட்டின் அட்டையில் "இடது பக்கம்: நடப்பதற்கு முன். வலது பக்கம்: நடந்த பின்" என்று எழுதி ஒட்டும் பழக்கம் வந்தது.

இப்போது விருது. மாநில நல்லாசிரியர் விருது டாக்டர் ராதாகிருஷ்ணன் பெயரில் செப்டம்பர் 5 அன்று வழங்கப்படுவது. 10,000 ரூபாய், வெள்ளிப் பதக்கம், பாராட்டுச் சான்று. தலைமையாசிரியர்தான் விண்ணப்பிக்கச் சொல்லி நச்சரித்தார். ஆதாரக் கோப்பு வேண்டும். படங்கள், சான்றிதழ்கள், பிள்ளைகள் வாங்கிய பரிசுகள், குறைந்த செலவில் செய்த கற்பித்தல் உபகரணங்கள். நானும் உட்கார்ந்து அடுக்கினேன். டீச்சர் ஒரு கட்டு நெனப்பு நோட்டைக் கொண்டுவந்து வைத்தார். புரட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் தப்பு. பேனாவில், காரணத்தோடு, பிள்ளையின் பெயரோடு தப்பு.

"இதை வைக்க வேண்டாம்மா" என்றேன். "பார்க்கிறவங்களுக்கு விளக்க நாம கூட இருக்க மாட்டோம். பிள்ளைங்களுக்கு ஒண்ணும் தெரியலன்னு நெனச்சிருவாங்க."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பப்பாளிக் காம்பும் டம்ளரும் வைத்த படம் கோப்பில் போனது. நான்கு உருண்டைகளும் அட்டையில் ஒட்டப்பட்டுப் போயின. விருது வந்தது. பாராட்டு விழாவில் பேசிய எல்லாரும் "எளிய பொருள்களைக் கொண்டு" என்ற சொற்றொடரைச் சொன்னார்கள். பொருள்கள் எளியவைதான். யாருக்குத்தான் சுண்ணாம்பு கிடைக்காது? அந்தப் பெண் "எனக்கு அப்படித் தோணல" என்று எழுதிய பக்கம் கோப்பில் இல்லை, எடுத்தவன் நான். பத்தாயிரத்தில் டீச்சர் வகுப்புக்குக் கைலென்சுகள் வாங்கினார், மீதியில் சத்துணவு ஆயாவுக்கு ஒரு கண்டாங்கிச் சேலை. டப்பா விவகாரத்துக்குப் பரிகாரமாம்.

நான் ஓய்வு பெற்ற பிறகு இந்த ஆய்வுக்காகப் போன ஆடியில் ஒரு நாள் பள்ளிக்குப் போனேன். மண்டபத்தில் ஒரே மாதிரி மூன்று மண்பானை. மூன்றிலும் ஊருணியின் கலங்கல் தண்ணீர். ஒன்றின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை உரசியிருந்தார்கள். நம் ஊரில் பாட்டிமார் செய்வது. கொட்டையிலிருந்து வரும் பொருள் மண் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து அடியில் படியவைக்கும். இன்னொன்றில் ஒன்றும் இல்லை, ஒப்பிட்டுப் பார்க்க. மூன்றாவதில் ஒரு பையனின் யோசனைப்படி கடுக்காய் உரசியிருந்தது. கடுக்காய் சுவருக்கு ஆகும் என்றால் தண்ணீருக்கு ஆகாதா என்பது அவன் "ஏன்னா". தெளிந்த தண்ணீரும் கொதிக்க வைத்த பிறகுதான் குடிக்கத் தகுந்தது என்று கரும்பலகையில் பெரிதாக எழுதியிருந்தது.

டீச்சர் என் கையில் ஒரு நோட்டைக் கொடுத்தார். "நீங்களும் எழுதுங்க சார்."

எழுதினேன். மூன்றாவது பானை கலங்கலாகவே இருக்கும், ஏன்னா கடுக்காய்ச் சாறு தண்ணீருக்கு நிறம் ஏற்றிவிடும். எழுதி முடித்த பிறகு கொஞ்சம் சந்தேகம். மண்ணில் இரும்பு இருக்கிறது, கடுக்காய் இரும்போடு சேர்ந்தால் கருக்கும். துருப்பிடித்த ஆணியைக் கடுக்காய்த் தண்ணீரில் போட்டு மை செய்வார்கள். அதையும் சேர்க்கலாம் என்று இரண்டாவது வரியை அடிக்கப் போனேன்.

"சார், அடிக்கக் கூடாது" என்றாள் முன் வரிசையில் ஒரு சிறுமி.

படிய ஒரு ராத்திரி ஆகும் என்றார்கள். எனக்கு நாலே முக்காலுக்கு பஸ். காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் போட்டு அனுப்புங்கள் என்று டீச்சரிடம் கேட்டேன்.

"படத்துல தெரியாது சார். வலது பக்கம் காலியாத்தான் இருக்கு, வந்து பாத்து எழுதுங்க" என்று நோட்டை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.